பொட்டுக்குப் பின்னால் எரிந்த விளக்கு

வண்டி நின்றுவிட்டது. ஆனால் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை என்று வண்டியே சொல்லிக்கொண்டிருந்தது.

இசக்கிசெல்வி ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, சேஃப்டி பின் சரியாகக் குத்தியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. சாவியைப் பாதி திருப்பினாள். வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் இருந்த மஞ்சள் விளக்கு ஒரு தடவை மின்னியது. சின்ன இடைவெளி. இரண்டு தடவை மின்னியது. பெரிய இடைவெளி. மறுபடியும் ஒன்று, அப்புறம் இரண்டு.

பன்னிரண்டு. பன்னிரண்டு என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

"எல்லாம் சரியா இருந்தா பின்ன ஏன் நிக்க?" என்று அவள் விளக்கிடம் கேட்டாள்.

நெடுமங்காடு தாண்டி, விதுரைக்குப் போகும் சாலையில், ரப்பர் மரங்களின் நிழலில் வண்டி நின்றிருந்தது. முன்னும் பின்னும் ஒரு வாகனம் இல்லை. முந்தின இரவு திடீரென்று அறிவித்த ஹர்த்தால். பஸ் இல்லை, டாக்சி இல்லை, கடை இல்லை, பட்டறை இல்லை. அவளுடைய வண்டியை மட்டும் வழியில் யாரும் மறிக்கவில்லை. முன்கண்ணாடியில் மலையாளத்தில் 'மரணம்' என்று பெரிதாக எழுதிய தாளும், பழைய குடையிலிருந்து கிழித்த கறுப்புத் துணியும் ஒட்டியிருந்தன. இறந்துபோனவள் அவளுடைய அம்மா சுடலைமாடத்தி. கரமனையில், வீட்டு முன்னறையில், ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள். அம்மாவின் அண்ணனைக் கூட்டிவரத்தான் இந்தப் பயணம்.

அந்தக் காலத்துப் பெட்டி வேன் அது. என்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும், பேட்டரியும் அங்கேயே. புதிய வண்டிகளில் ஒரு கருவியைச் செருகினால் குறை என்ன என்று திரையில் எழுத்தாகவே வந்துவிடும். இதற்கு அந்த வசதி இல்லை என்றாலும் பேசத் தெரியும். டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் சின்னப் பிளாஸ்டிக் முனையில் இரண்டு துளைகளை ஒரு கம்பியாலோ சேஃப்டி பின்னாலோ சேர்த்துவிட்டால் போதும். என்ஜினைக் கவனித்துக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர், தான் நினைவில் வைத்திருக்கும் குறையை விளக்கை மின்னிச் சொல்லும். முதலில் மின்னுவது பத்தாம் இடம், அடுத்தது ஒன்றாம் இடம். கேட்பவருக்குப் புரியவில்லையோ என்பதுபோல ஒவ்வொரு எண்ணையும் மும்மூன்று தடவை சொல்லும். செல்விக்கு இதில் ஒரு தனி ஆசை. மாவு ஆட்டி முடிக்கும்வரை கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்தே எல்லா எண்களையும் மனப்பாடம் செய்திருந்தாள். என்ஜினுக்குள் ஓடும் நீரின் சூட்டை அளக்கும் கம்பி கெட்டால் எந்த எண், புகையை முகர்ந்து பார்க்கும் கம்பி கெட்டால் எந்த எண், எல்லாம் தெரியும். தெரிந்து என்ன? அவளுடைய வண்டி பன்னிரண்டைத் தவிர வேறு எதையும் சொன்னதே இல்லை.

இத்தனைக்கும் கொஞ்ச காலமாகவே இந்தத் தொந்தரவு இருந்தது. சூடு ஏறினால் மஞ்சள் விளக்கு எரியும். சில நாள் கூடவே வண்டியும் நின்றுவிடும். செல்வி இறங்கி, சீட்டைத் தூக்கி, பேட்டரி வயரை ஸ்பேனரால் கழற்றி, நன்றாகத் துடைத்து, மறுபடி மாட்டுவாள். விளக்கு அணைந்திருக்கும். வண்டியும் கிளம்பிவிடும். இன்றும் நின்றவுடன் முதலில் அதைத்தான் செய்தாள். அதற்கப்புறம்தான் சேஃப்டி பின்.

வயரைக் கழற்றும் பழக்கத்துக்கு அம்மாதான் காரணம். கரமனையிலும் கைமனத்திலும் கடைகளுக்கு இட்லி மாவு போடப் போகும்போது பக்கத்துச் சீட்டில் வாளியை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விளக்கு எரிந்துவிட்டால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. அது என்னத்துக்கு நம்மையே முழித்துப் பார்க்கிறது, அணைத்துத் தொலை என்பாள். ஒருநாள் தன் நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, விளக்கின் மேல் ஒட்டிவிட்டாள். மெரூன் நிறம், கொஞ்சம் பெரியது. அதற்குப் பிறகும் பொட்டைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வட்டம் கசிந்தது. அது இன்னும் மோசம், கிரகணம் மாதிரி இருக்கிறது என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து விளக்கு எரிந்தால் உடனே வயர்.

செல்வி பின்னை உருவி ரவிக்கையில் குத்திக்கொண்டு என்ஜினைக் கிளப்பினாள். ஒன்றுமே நடக்காததுபோல வண்டி கிளம்பியது.

போன் அடித்தது. அவளுடைய கணவன் செல்வகணேஷ். விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை. நடந்தும் கெஞ்சியும் யாருடைய பைக்கிலோ தொற்றியும் வீடு வந்து சேர்ந்திருந்தான். எங்கே எத்தியிருக்கிறாய், விதுரை போய்ச் சேர்ந்தாயா என்று கேட்டான். தைக்காட்டு மயானத்தில் கடைசி நேரம்தான் கிடைத்திருக்கிறது, ஐந்து மணிக்கு அங்கே இருக்கவேண்டும், நாளைக்கு என்ற பேச்சை உன் பெரியம்மாமார் எடுக்கவே விடவில்லை என்றான். நாளை சனிக்கிழமை. சனிப் பிணம் துணை தேடும்.

"மாமா போன எடுத்தாரா?" என்று அவள் கேட்டாள்.

"அங்க எங்க டவர் இருக்கு? நீ போய் நின்னாத்தான் அவருக்குத் தெரியும்."

கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி வரவேண்டும். உடன்பிறந்தவன் தன் கையால் கொண்டுவந்து போர்த்தும் புதுச் சேலை அது. அது மேலே விழாமல் எடுப்பதில்லை. காலையில் பெரியம்மா ஒருத்தி, ஹர்த்தாலில் அந்த மனுஷனை எங்கே போய்த் தேடுவது, பீரோவில் மடிப்புக் கலையாத சேலை ஏதாவது இருந்தால் அவர் பேரைச் சொல்லிப் போட்டுவிடலாம் என்றாள். ஊரில் அப்படியும் நடப்பதுண்டு. எல்லோரும் செல்வியின் அப்பா வீரபாண்டியைப் பார்த்தார்கள். அவர் ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த நீரைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்துவிட்டு, "மச்சான் வரட்டும்" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான். செல்வி சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அந்த வண்டியை ஓட்டிப் பழகியவர்கள் வேறு யாரும் இல்லை.

விதுரையில் அடைத்துக்கிடந்த கடைத்தெருவைத் தாண்டி, போனக்காட்டுச் சாலையில் திரும்பினாள். வனத்துறைச் சோதனைச் சாவடியில் காவலர் கண்ணாடியில் இருந்த தாளைப் படித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கம்பை உயர்த்தினார். அதற்கு மேல் சாலை சாலையாக இல்லை. பெயர்ந்த கல்லும் பள்ளமுமாக முதல் கியரில் ஏற ஏற, சீட்டுக்கு அடியிலிருந்து சூடு தொடையில் அடித்தது. இரண்டு தடவை வண்டி நின்றது. இரண்டு தடவையும் வயரைக் கழற்றினாள், மாட்டினாள், பின்னைக் குத்தினாள். இரண்டு தடவையும் விளக்கு பன்னிரண்டு என்றது.

இரண்டாவது தடவை நின்றபோதுதான் பின்னாலிருந்து புளித்த வாடை வருவதைக் கவனித்தாள். இன்றைய மாவு. ஹர்த்தால் என்று தெரிவதற்கு முன்பே ஆட்டி, வாளிகளில் ஊற்றி வண்டியில் ஏற்றியாகிவிட்டது. கடைசி வாளியை ஏற்றிவிட்டு அம்மா படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் மாவை இறக்க யாருக்கும் நினைவில்லை. இப்போது வெயிலிலும் குலுக்கலிலும் பொங்கி, ஒரு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. செல்வி மூடியை அமுக்கினாள். அது மெதுவாக மறுபடி எழுந்தது.

அம்மாவுக்கு நெஞ்சில் ஒரு கனம் என்று முன்பு ஆஸ்பத்திரிக்குப் போனதுண்டு. வாளியோடு கடைப்படி ஏறும்போது மட்டும் வரும். நின்றால் போய்விடும். வாயு என்று மாத்திரை போட்டுக்கொண்டு, ஒரு காலைப்பொழுது முழுக்க வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, அவள் முறை வந்தபோது ஈ.சி.ஜி. எடுத்தார்கள். கோடு அழகாக ஏறி இறங்கியது. கொழப்பம் ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாத்தான் இருக்கு என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அம்மா, "பாத்தியா, நாஞ் சொன்னேம்ல" என்று ஜெயித்தவள்போலச் சிரித்தாள்.

மூடப்பட்ட தேயிலை ஆலையைத் தாண்டி லயம் வந்தது. பாதிக்கு மேல் ஓடு இறங்கிய வரிசை வீடுகள். கடைசி வீட்டு வாசலில் பேச்சிமுத்து சாக்கு விரித்துத் தேயிலைக் கொழுந்தை உலர்த்திக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். தங்கை உட்காரும் இடது பக்கச் சீட்டைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. பிறகு கண்ணாடியில் இருந்த தாளைப் பார்த்தார். எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது அவர் உதடு அசைவதைச் செல்வி உள்ளேயிருந்தே பார்த்தாள்.

"யாருட்டி? மச்சானா?"

அப்பாவுக்குத்தான் பல மாதமாக இருமல். செல்வி இறங்கி அவர் பக்கத்தில் போனாள்.

"இல்ல மாமா. அம்மா."

அவர் குனிந்து சாக்கின் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து, கொழுந்து சிந்தாமல் உள்ளே தூக்கிக்கொண்டு போனார். வெகுநேரம் வரவில்லை. செல்வி வாசலில் நின்றாள், வண்டிவரைக்கும் நடந்தாள், திரும்பி வந்தாள். போனை எடுத்து மணி பார்த்தாள். அழைக்கப் போனவள் கூச்சப்பட்டு நின்றுவிட்டாள். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தபோது பட்டன்கள் ஒன்று மாறி ஒன்றில் கிடந்தன. தோளில் தோர்த்துத் துண்டு.

"எளையவ முந்திக்கிட்டாளா" என்றார் கதவைப் பூட்டிக்கொண்டே. பூட்டிவிட்டு மறுபடி திறந்தார், அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்க.

இறக்கத்தில் வண்டி தொந்தரவு கொடுக்கவில்லை. பேச்சிமுத்து வாய் ஓயாத மனிதர். அன்றும் ஓயவில்லை. சாலையைத் திட்டினார், பூட்டிய ஆலையைத் திட்டினார், மாட்டைத் தூக்கிய புலியைத் திட்டினார். கோடி எங்கே எடுப்பது என்று செல்வி கேட்டபோதுதான் நிறுத்தினார். விதுரையில் சபீனா கடை இருக்கிறதே என்றார். இன்றைக்குக் கடை ஏது என்றாள் அவள். கடைதானே அடைத்திருக்கும், வீடு அடைத்திருக்காதே என்றார்.

சபீனா கடைக்குப் பின்னாலேயே குடியிருந்தாள். பேச்சிமுத்துவைப் பார்த்துச் சிரிக்கப் போனவள், வண்டிக் கண்ணாடியைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாவி எடுத்து வந்தாள். முன்பக்க ஷட்டரைத் தொடவில்லை. பின்வழியாகக் கடைக்குள் கூட்டிப்போய், போன் வெளிச்சத்தில் சேலைகளை எடுத்துப்போட்டாள். செல்வி முதலில் கண்ணில் பட்டதைக் காட்டி இது போதும் என்றாள். சபீனாவும் தலையாட்டினாள். பேச்சிமுத்து இரண்டு விரலால் முந்தானையைக் கசக்கிப் பார்த்தார்.

"இது பாலியெஸ்டர். அவளுக்கு வேர்க்கும்."

சபீனா அதை மடித்து ஓரமாக வைத்தாள். அவர் அடுத்ததைப் பார்த்தார். கரை பெரிதாக இருந்தது. அவள் குட்டை, இவ்வளவு கரை எடுக்காது. அடுத்தது வெளுத்த பச்சை. பச்சை கட்டினால் அவள் நோயாளி மாதிரி இருப்பாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. செல்விக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கதவுக்கும் மேசைக்குமாக நடந்தாள். கடைசியில் அடுக்கின் அடியிலிருந்து உருவிய கத்தரிப்பூ நிறப் பருத்திச் சேலை ஒன்றை அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்த்து, மடித்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "அண்ணா, அது கொள்ளாம், நல்லா இருக்கு" என்றாள் சபீனா மெதுவாக.

தொளிக்கோடு தாண்டியதும் வெட்டவெளி ஏற்றம். உச்சி வெயில் சாய்ந்து முகத்துக்கு நேரே அடித்தது. செல்வி ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்தாள். செல்வகணேஷ் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டான். பெரியம்மா பீரோவைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். பாதி ஏற்றத்தில் என்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கியது. பொட்டைச் சுற்றி மஞ்சள் வட்டம் கசிந்தது. வண்டி நின்றது.

செல்வி கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, கைப்பழக்கத்தில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கி அந்தப் பக்கம் போனாள். சீட்டைத் தூக்க வேண்டும். சீட்டில் பேச்சிமுத்து இருந்தார். கடையை விட்டு வந்ததிலிருந்து அவர் பேசவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சேலைப் பொட்டலம் மடியில் இருந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, தோர்த்தால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் மட்டும் அசைந்தது. வண்டி நின்றதே அவருக்குத் தெரியவில்லை.

எழுந்திருங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சத்தம் போடாமல் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஸ்பேனர் மடியில் கிடந்தது. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. ரவிக்கையிலிருந்து சேஃப்டி பின்னை எடுத்து, குனிந்து, துளைகளில் குத்தினாள். சாவியைப் பாதி திருப்பினாள்.

விளக்கு மின்னியது. ஆனால் கண்ணாடியில் வெயில் பட்டுக் கூசியது. பொட்டின் ஓரத்தில் கசியும் ஒளியை எண்ண முடியவில்லை. உள்ளங்கையால் நிழல் கொடுத்துப் பார்த்தாள். அப்போதும் தெரியவில்லை. நகத்தால் பொட்டின் ஓரத்தை நெம்பினாள். பசை இறுகிப்போயிருந்தது. கிழியாமல் எடுக்க நேரமானது. எடுத்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் இடது மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டாள்.

விளக்கு வெறும் விளக்காக மின்னியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சின்ன இடைவெளி. ஒன்று, இரண்டு.

அவள் இன்னும் குனிந்து பார்த்தாள். மறுபடி நான்கு. இரண்டு. மூன்றாம் தடவையும் நான்கு, இரண்டு.

நாற்பத்திரண்டு. இத்தனை நாள் இல்லாத எண் இன்று எங்கிருந்து வந்தது?

எங்கிருந்தும் வரவில்லை. எப்போதும் இருந்தது. கம்ப்யூட்டர் தான் கண்ட குறையை நினைவில் வைத்திருக்க, வண்டி நின்ற பிறகும் பேட்டரியிலிருந்து ஒரு சொட்டு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கவேண்டும். வயரைக் கழற்றினால் அந்தச் சொட்டும் நின்றுபோகும். நினைவு துடைபட்டுப்போகும். துடைத்துவிட்டு, அப்புறம் பின்னைக் குத்தி, உனக்கு என்ன குறை என்று அவள் ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறாள். ஒன்றுமில்லை என்று அது உண்மையாகத்தான் சொல்லியிருக்கிறது.

நெஞ்சுக் கனம் இறங்கிப்போய், மடியில் கையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா அவள் கண்ணில் வந்து போனாள். செல்வி சாவியை அணைத்தாள்.

நாற்பத்திரண்டு எது என்று அவளுக்குத் தெரியும். என்ஜினுக்குள் சுற்றும் தண்டு எந்த நொடியில் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் சென்சார். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். அது சொன்னால்தான் எப்போது பெட்ரோலைத் தெளிப்பது, எப்போது பொறி வைப்பது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். கிரைண்டரில் கல் சுற்றும்போது மாவைத் தள்ளிவிடும் கை, கல்லைப் பார்த்து ஒரு நேரம் அறிந்துதான் உள்ளே போய் வருகிறது. கண்ணைக் கட்டிவிட்டால் கை வெளியிலேயே நின்றுவிடும். அதுபோலத்தான். சென்சார் பேசவில்லை என்றால் வண்டி ஓடாது. அதற்குள்ளே தலைமுடி போன்ற செப்புக்கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள். அதில் எங்கோ ஒரு விரிசல். சூட்டில் விரிந்தால் விட்டுப்போகும். ஆறினால் முனையும் முனையும் மறுபடி தொட்டுக்கொள்ளும்.

அப்படியானால் வயரைக் கழற்றியதால் வண்டி கிளம்பவில்லை. ஸ்பேனரைத் தேடி, திருகி, துடைத்து, மாட்டி முடிக்கும் நேரத்தில் சூடு ஆறியது, அதனால் கிளம்பியது. வேலை செய்தது அவள் கை இல்லை, காத்திருப்பு. ஆனால் காத்திருக்க இன்று நேரம் இல்லை. இந்த ஏற்றம் முடிந்தால் இன்னொன்று, நெடுமங்காட்டுக்கு அப்புறம் மற்றொன்று. ஒவ்வொன்றிலும் ஆறவிட்டுப் போனால் பெரியம்மா பீரோச் சேலையைப் போர்த்திவிடுவாள். சென்சாரை மாற்றவும் வழியில்லை. ஆறுவதற்காக நிற்கக் கூடாது என்றால், சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கையில் இருப்பது தண்ணீர்க் கேன். மாவுக் கை கழுவ எப்போதும் வண்டியில் இருப்பது.

இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும்.

"மாமா, கொஞ்சம் எந்திரிக்கணும்."

பேச்சிமுத்து தோர்த்தை எடுக்காமலே திரும்பினார். கண் சிவந்திருந்தது.

"உக்காந்து அழக்கூட விடமாட்டியாட்டி நீ?"

"பின்னால உக்காந்து அழுங்க. எனக்கு அந்த சீட்டு வேணும். தோர்த்தும் வேணும்."

அவர் அவளைப் பார்த்தார். "உங்கம்மாவேதான்" என்று முனகிக்கொண்டு இறங்கினார். பொட்டலத்தைத் தானே பின்சீட்டில் வைத்து, அது சரியாமல் தன் செருப்புகளை அண்டை கொடுத்தார். பிறகு செருப்பு படக்கூடாது என்று எடுத்துவிட்டுச் சட்டைப்பையில் இருந்த கைக்குட்டையை வைத்தார். வாளிகளில் ஒன்று மூடியை முழுக்கத் தள்ளிவிட்டுப் பொங்கி நின்றது. அவர் ஒரு விரலால் வழித்து முகர்ந்தார்.

"இது அவ அரைச்சதா?"

செல்வி தலையை ஆட்டினாள். அவர் விரலைத் துடைக்கவில்லை.

சீட்டைத் தூக்கியதும் சூடு குப்பென்று முகத்தில் அடித்தது. சென்சார் எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை, எத்தனை வீடியோ. தோர்த்தின் ஒரு ஓரத்தை நீளமாகக் கிழித்து, தண்ணீரில் முக்கி, மற்ற வயர்களில் படாமல் சென்சாரைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். புஸ் என்று ஆவி எழுந்தது. மறுபடி நனைத்தாள். இந்தத் தடவை ஆவி குறைவு. சீட்டை மூடாமல் நிமிர்த்தியே வைத்து, காற்று அடிக்கட்டும் என்று இரண்டு ஜன்னலையும் இறக்கிவிட்டாள். கேனையும் அதோடு இருந்த டம்ளரையும் அவர் கையில் கொடுத்தாள்.

"துணி மேல மட்டும் ஊத்தணும் மாமா. இந்தக் கறுத்த வயர்ல பட்டா வண்டி வேற விதத்துல நின்னுரும். துணி காயுறதுக்குள்ள அடுத்த தண்ணி. கேட்டீங்களா?"

"எவ்வளவு தூரத்துக்கு?"

"வீடு எத்துற வரைக்கும்."

அவர் பின்சீட்டின் விளிம்பில் குனிந்து உட்கார்ந்து, திறந்த சீட்டுக்கு மேலாகக் கையை நீட்டிக்கொண்டார். செல்வி சாவியை முழுக்கத் திருப்பினாள். வண்டி முதல் சுற்றிலேயே கிளம்பியது. ஏற்றம் ஏறியது. உச்சியில் ஒரு தடவை என்ஜின் தடுமாறுவதுபோல இருந்தது; பேச்சிமுத்து அதற்கு முன்பே டம்ளரைச் சாய்த்திருந்தார். ஒரு சொட்டும் வயரில் படவில்லை. வாய் திறக்க முடியாத ஒருவருக்குப் புகட்டுவதுபோல, உதட்டோரமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். துணி உறிஞ்சும்வரை காத்திருந்தார். பிறகு இன்னும் கொஞ்சம்.

அவள் கண்ணாடியில் ஒரு தடவை அவரைப் பார்த்துவிட்டுச் சாலைக்குத் திரும்பினாள். போன் அடித்தது; எடுக்கவில்லை. தண்ணீர் தீர்ந்தால் வழியில் எந்த வீட்டுக் கிணற்றிலும் பிடித்துக்கொள்ளலாம். சீட்டு திறந்தே இருக்கவேண்டும், துணி ஈரமாக இருக்கவேண்டும். அவ்வளவுதான். துணி ஈரமாக இருக்கும்வரை வண்டி நிற்காது.